இரண்டு இன்ச் குறைத்தால் என்ன மாறும்?

ஸ்டுடியோவுக்கும் சிறு மேடைக்கும் சின்ன ஹை-ஹேட் எப்போது கைகொடுக்கும், எப்போது காலை வாரும், எதைப் பார்த்து வாங்குவது? ஒரு முழு அலசல்.

லண்டன், 1979. டவுன்ஹவுஸ் ஸ்டுடியோவில் சுவரெல்லாம் கல் பதித்த ஓர் அறை. நடுவே டிரம்ஸ். அதன் பின்னால் ஃபில் காலின்ஸ். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பொறியாளர் ஹ்யூ பட்ஜம். பாடகர் பீட்டர் கேப்ரியல் தன் மூன்றாவது ஆல்பத்துக்கு ஒரு கண்டிப்பான நிபந்தனை போட்டிருக்கிறார்: சிம்பல் கூடாது. கிராஷ் இல்லை, ரைடு இல்லை, ஹை-ஹேட்டும் இல்லை. தோல் மட்டும்தான்.

காலின்ஸ் அடிக்கிறார். அறை மைக்கில் விழுந்த ஒலியைக் கடுமையாக அமுக்கி, அடுத்த கணமே சட்டென்று வெட்டிவிடுகிறார்கள். 'இன்ட்ரூடர்' பாட்டின் அந்த இடி இப்படித்தான் பிறந்தது. 1980-களில் வந்த எத்தனையோ பாடல்களின் டிரம்ஸ் ஒலி அந்த அறையிலிருந்து கிளம்பியதுதான். அந்த வித்தைக்கு வழிவிட்டதில் சிம்பல் இல்லாததற்கும் பெரிய பங்கு உண்டு. அமுக்கப்பட்ட ஒலியில் சின்ன சத்தமெல்லாம் மேலே ஏறி வரும். ஒரு ஹை-ஹேட் அங்கே ஒலித்துக்கொண்டிருந்தால், ஒவ்வோர் அடிக்கும் இடையே அதன் சீறல்தான் நிறைந்திருக்கும்.

ஓர் ஆல்பத்துக்கு அப்படி விரதம் இருக்கலாம். தினமும் வாசிக்கிறவரால் முடியாது. ஹை-ஹேட் இல்லாமல் ராக் இல்லை, ஜாஸ் இல்லை, ஃபங்க் இல்லை, நம் சினிமாப் பாட்டும் இல்லை. அதைத் தூக்கி எறியாமல் அதன் ஆதிக்கத்தை மட்டும் எப்படிக் குறைப்பது? ஒலிப்பதிவுக்கூடங்கள் பல பத்தாண்டுகளாகக் கேட்டுவரும் இந்தக் கேள்வி, இப்போது வீட்டுக்கு வீடு கேட்கிறது. படுக்கையறையை ஸ்டுடியோவாக்கிய இளைஞர்கள், ஐம்பது பேர் உட்காரும் கஃபேயில் வாசிக்கிற குழுக்கள், ஞாயிறு ஆராதனையை நேரலையில் அனுப்பும் தேவாலயங்கள், வீணையையும் கடத்தையும் டிரம்ஸையும் ஒரே மேடையில் சேர்க்கும் ஃப்யூஷன் கச்சேரிகள்... அறை சுருங்கிவிட்டது. டிரம்ஸ் மட்டும் பழைய அளவிலேயே நிற்கிறது.

அதனால்தான் 14 இன்ச்சைக் கழற்றிவிட்டு 13, 12, சில நேரம் 10 இன்ச் தட்டுகளை மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது சரியான முடிவா? சரிதான், ஆனால் பலர் நினைக்கும் காரணத்துக்காக அல்ல.

அறையோடு வளர்ந்த தட்டு

சின்ன ஹை-ஹேட் ஒன்றும் புதுமை அல்ல. தொடக்கத்தில் அது சின்னதாகத்தான் இருந்தது. 1920-களில் தரையோடு ஒட்டிய ஒரு பெடல். மிதித்தால் இரண்டு சிறு தட்டுகள் மோதும். குச்சி எட்டாத உயரம். குழாயை நீட்டி இடுப்பளவுக்கு உயர்த்திய பிறகே கைக்கும் அதில் வேலை வந்தது. 1930-களில் கவுன்ட் பேஸி இசைக்குழுவின் ஜோ ஜோன்ஸ், காலப்பிரமாணத்தைச் சுமக்கும் பொறுப்பை பேஸ் டிரம்மிடமிருந்து வாங்கி ஹை-ஹேட்டிடம் கொடுத்தார். ஜாஸ் அப்போதுதான் லேசாகி மிதக்கத் தொடங்கியது. அந்தக் காலத்துத் தட்டுகள் பெரும்பாலும் 10, 11, 12 இன்ச்.

பிறகு மேடை பெரிதானது. கிதாரில் மின்சாரம் பாய்ந்தது. 14 இன்ச் பொது அளவாக நிலைத்தது. 1960-களில் ஜில்ஜியன் நிறுவனத்தின் அர்மண்ட் ஜில்ஜியனும் டிரம்மர் பாபி ரோஸன்கார்டனும் சேர்ந்து, மேல் தட்டைவிடக் கனத்த கீழ்த் தட்டோடு 'நியூ பீட்' ஜோடியை உருவாக்கினார்கள். லெட் செப்பலின் ஜான் பான்ஹம் 15 இன்ச்சுக்கே போனார். மைதானத்தில் வாசிக்கிறவருக்கு அது தேவைப்பட்டது.

எதிர்த்திசையிலும் ஆட்கள் நடந்தார்கள். 'தி போலீஸ்' குழுவின் ஸ்டூவர்ட் கோப்லண்ட் 13 இன்ச்சில்தான் அந்த நுணுக்கமான பின்னல்களைப் போட்டார். ஃப்யூஷன் ஜாஸின் டேவ் வெக்லும் 13 இன்ச்சுக்குப் பெயர் பெற்றவர். சேபியன் நிறுவனத்தின் 13 இன்ச் ஜோடிக்கே 'ஃப்யூஷன் ஹேட்ஸ்' என்று பெயர். ஜில்ஜியன் 10, 12 இன்ச்களில் 'ஸ்பெஷல் ரெக்கார்டிங்' என்று பெயரிட்டே விற்றது.

இயந்திரமும் நம் காதைப் பழக்கியது. 1980-இல் வந்த ரோலண்ட் டிஆர்-808 கருவியின் மூடிய ஹை-ஹேட் 'ட்ஸ்' என்று பிறந்து அந்த இடத்திலேயே இறந்துவிடும். 1990-களின் டிரம் அண்ட் பேஸ் இசையில், பழைய டிரம்ஸ் பதிவுகளின் வேகத்தைக் கூட்டி ஓட்டினார்கள். வேகத்தோடு சுருதியும் ஏறியது. அந்த ஒலியை மேடையில் கையால் கொண்டுவர விரும்பிய டிரம்மர்களுக்கு 10, 12 இன்ச் தட்டுகள் இயல்பாகவே கைக்கு வந்தன. இன்றைய ரசிகரின் காதுக்குக் குட்டையான, சுத்தமான ஹை-ஹேட் ஒலி அந்நியமே இல்லை.

---

பெட்டிச் செய்தி: அளவும் கணக்கும்

• 14 இன்ச் = 35.6 செ.மீ.; 13 = 33; 12 = 30.5; 10 = 25.4.

• பரப்பு: 14 இன்ச்சை 100 என்று வைத்தால் 13 இன்ச் 86, 12 இன்ச் 73, 10 இன்ச் 51. காற்றை அசைக்கும் உலோகம் அவ்வளவு குறைகிறது.

• சுருதி: கனம் மாறாமல் விட்டம் மட்டும் குறைந்தால், தட்டையான தகட்டின் அதிர்வெண் விட்டத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் ஏறும். 14-லிருந்து 12-க்கு வந்தால் சுமார் 36 சதவீத ஏற்றம். சட்ஜத்திலிருந்து சுத்த மத்திமம் வரை உள்ள தூரம். 10-க்கு வந்தால் ஏறக்குறைய மேல் சட்ஜம்.

• உண்மையான சிம்பல் வளைந்தது, சுத்தியல் பட்டது. சின்ன அளவுகளைப் பெரும்பாலும் மெல்லியதாகவும் செய்வார்கள். அதனால் ஏற்றம் இந்தக் கணக்கைவிடக் குறையும். ஆனால் திசை இதுதான்.

---

சின்னது என்றால் சத்தம் குறைவா?

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். விட்டம் குறைந்தால் சத்தமும் குறையும் என்று நம்பி 12 இன்ச் வாங்குகிறார்கள். வீட்டுக்கு வந்து அடித்தால் காதைத் துளைக்கிறது.

பரதநாட்டியம் பார்த்த எவருக்கும் இதன் விடை தெரியும். நட்டுவனாரின் உள்ளங்கையில் அடங்கும் தாளம், மிருதங்கம், வயலின், வாய்ப்பாட்டு, சலங்கை அத்தனையையும் தாண்டி சபாவின் கடைசி வரிசைக்குக் கேட்கிறது. அளவு சின்னதாக இருப்பதாலும், கனமாக இருப்பதாலும்தான் அது அப்படிக் கேட்கிறது. கனத்த சிறு உலோகம் உயர்ந்த சுருதியில் ஒலிக்கும்; அந்த உயரத்தில் மற்ற வாத்தியங்களின் கூட்டம் குறைவு. மனிதக் காது மிகக் கூர்மையாக இருப்பதோ ஏறக்குறைய 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில். அங்கே போய் உட்காரும் ஒலி, அளவில் குறைந்திருந்தாலும் உறைப்பில் குறையாது.

ஆகவே முதல் பாடம்: மெல்லிய 14 இன்ச், கனத்த 12 இன்ச்சைவிட மென்மையாக இருக்கலாம். விட்டத்துக்கு முன்னால் எடையைப் பாருங்கள்.

அப்படியானால் சின்னத் தட்டால் என்ன லாபம்? லாபம் சத்தத்தின் அளவில் இல்லை, நீளத்தில் இருக்கிறது. மெல்லிய சிறு தட்டில் அதிர உலோகம் குறைவு. அடித்ததும் விழித்து, விரைவில் அடங்கிவிடும். பாதி திறந்து வாசிக்கும்போது எழும் இரைச்சல் அறையெங்கும் பரவுவதற்குள் முடிந்துவிடுகிறது. அடுத்த அடிக்கும் அதற்கு முந்தைய அடிக்கும் இடையே ஓர் இடைவெளி பிறக்கிறது. பாடகரின் சொல் கேட்பது அந்த இடைவெளியில்தான். கிதாரின் மெல்லிய மீட்டல் பிழைப்பதும் அங்கேதான்.

ஸ்டுடியோவில்: ஸ்நேர் மைக்கின் துயரம்

வலக்கை டிரம்மருக்கு ஹை-ஹேட் இடது பக்கம், ஸ்நேருக்கு ஒரு சாண் தள்ளி. ஸ்நேரின் மேல் விளிம்பில் ஒரு மைக். அந்த மைக்குக்கு ஸ்நேரை மட்டும் கேட்கத் தெரியாது. பக்கத்தில் இருக்கும் ஹை-ஹேட்டையும் அது விழுங்கும்.

பதிவு முடிந்து மிக்ஸிங்கில் உட்காரும்போதுதான் வினை தெரியும். ஸ்நேர் மந்தமாக இருக்கிறது, கொஞ்சம் பளிச்சென்று வேண்டும் என்று 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே தூக்கினால், ஸ்நேரைவிட ஹை-ஹேட்தான் மேலே வரும். கம்ப்ரஸர் போட்டால் இன்னும் மோசம். அடிகளுக்கு இடையே இருக்கும் ஹை-ஹேட்டை அது அள்ளிக்கொண்டு வரும். கேட் போட்டு வெட்டினால் மெல்லிய ஸ்நேர் அடிகளும் சேர்ந்து போய்விடும். எட்டு மைக் வைத்துப் பதிவுசெய்தும், கடைசியில் ஹை-ஹேட் அனுமதிக்கும் அளவுக்குத்தான் ஸ்நேரைத் தொட முடிகிறது. ஒரு வாத்தியத்தின் ஒலியை இன்னொரு வாத்தியம் தீர்மானிக்கிறது. இதுதான் உண்மையான விலை.

குரலுக்கும் இதே கதி. ச, ஸ, ஷ ஒலிகளின் சீறல் பெரும்பாலும் 5,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் வாழ்கிறது. திறந்த ஹை-ஹேட்டும் அதே தெருவில்தான் குடியிருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் பாட்டின் சொல் மங்கும். சொல் மங்கினால் தமிழ்ப் பாட்டில் பாதி போனது போலத்தான்.

12 இன்ச் ஜோடி இங்கே மூன்று உதவிகள் செய்கிறது. ஒன்று, விளிம்பு ஸ்நேர் மைக்கிலிருந்து 2.5 செ.மீ. விலகுகிறது. கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் மைக்குக்கு மிக அருகில் இருக்கும் ஒலிமூலத்துக்குச் சில சென்டிமீட்டர்கூடக் கணக்கில் வரும். மைக் வைக்க இடமும் கிடைக்கிறது. இரண்டு, குட்டையாக அடங்குவதால் கம்ப்ரஸர் அள்ளுவதற்கு மிச்சம் குறைவு. மூன்று, சுருதி உயர்ந்திருப்பதால் ஸ்நேரின் உடம்பு ஒலிக்கும் பகுதியோடு மோதுவது குறைகிறது. வேண்டாத ஹை-ஹேட்டை ஸ்நேர் டிராக்கிலிருந்து ஈக்யூ வைத்துச் சீவுவது எளிது.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த உதவியெல்லாம் மெல்லிய, மென்மையாக வாசிக்கப்பட்ட தட்டுக்குத்தான். வலுவான கையில் அகப்பட்ட 12 இன்ச், ஓவர்ஹெட் மைக்கில் ஊசியாக இறங்கும். ஒலிப்பொறியாளரால் அதை மழுக்க முடியும். மழுக்கும்போது கிராஷின் பிரகாசமும் ஸ்நேரின் உயிரும் கூடவே போகும். நல்ல ஸ்டுடியோ டிரம்மர்கள் ஸ்நேரையும் கிக்கையும் திடமாக அடித்து, சிம்பலைத் தடவுவது போல வாசிப்பார்கள். அந்தச் சமநிலை கையிலேயே நடந்துவிட்டால், மிக்ஸரில் செய்ய வேண்டியது குறைந்துவிடும்.

---

பெட்டிச் செய்தி: ரெக்கார்ட் பட்டனை அழுத்தும் முன்

• ஸ்நேர் மைக்கின் முதுகு ஹை-ஹேட்டைப் பார்க்கட்டும். கார்டியாய்டு வகை மைக்குகள் பின்பக்கத்தில்தான் குறைவாகக் கேட்கும்.

• ஹை-ஹேட் ஸ்டாண்டை ஒரு படி உயர்த்திப் பாருங்கள். கை வசதிக்குக் கேடு வராத உயரம் போதும்.

• ஹை-ஹேட்டுக்குத் தனி மைக் வைத்தால் தட்டுக்கு மேலே, ஸ்நேருக்கு எதிர்ப்பக்கம் பார்த்தபடி வையுங்கள். இரண்டு விளிம்புகளும் சேரும் இடத்துக்கு நேராக வைக்க வேண்டாம். மூடும்போது பீறிடும் காற்று மைக்கில் 'புஸ்' என்று விழும்.

• தனி மைக் கட்டாயமும் அல்ல. ஓவர்ஹெட்டிலும் ஸ்நேரிலும் ஏற்கெனவே போதுமான ஹை-ஹேட் இருக்கும். முதலில் அவற்றைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

• குச்சியின் தோளால் விளிம்பில் அடித்தால் தடித்த, இரைச்சலான ஒலி. நுனியால் மேற்பரப்பில் தொட்டால் மெல்லிய, சுத்தமான ஒலி. நைலான் நுனி பளிச்சிடும். மர நுனி அடங்கும்.

---

சிறு மேடையில்: சத்தத்தின் ஏணி

மைக் இல்லாத டிரம்ஸோடு ஒரு கஃபேயில் வாசிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹை-ஹேட் உரக்கப் பேசுகிறது. தன் ஒலி தனக்கே கேட்காத கிதார்காரர் ஆம்ப்ளிஃபயரை ஒரு புள்ளி ஏற்றுகிறார். கீபோர்டு ஏறுகிறது. பாடகர் மானிட்டரை ஏற்றச் சொல்கிறார். மானிட்டர் ஏறினால் ஊளையிடுகிறது. அரை மணி நேரத்தில் அறை முழுக்கச் சத்தம்; முன்வரிசையில் இருப்பவர் பேச்சை விட்டுவிட்டு பில்லைக் கேட்கிறார். அந்த ஏணியின் முதல் படியில் நிற்பவர் பெரும்பாலும் டிரம்மர். ஒலிபெருக்கி இல்லாமலேயே மேடையின் குறைந்தபட்சச் சத்தத்தைத் தீர்மானிப்பவர் அவர்தான். மற்றவர்கள் குமிழைத் திருகிக் குறைக்கலாம். டிரம்ஸுக்குக் குமிழ் இல்லை.

சட்டமும் இருக்கிறது. இந்தியாவின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. டிரம்ஸின் பக்கத்தில் எளிதாக 100 டெசிபலைத் தொடலாம். சுவர் குறைத்தது போக மிச்சம் பக்கத்து வீட்டுக்குப் போகும். அடுக்குமாடியில் டிரம்ஸ் பழகும் பிள்ளைக்கும் மேல்மாடியில் தூங்கும் குழந்தைக்கும் இடையே இருப்பது ஒரு கான்கிரீட் தளம்தான். பழகுகிறவரின் ஆர்வமும் நியாயம், தூங்குகிறவரின் உரிமையும் நியாயம். இரண்டுக்கும் இடம் விட வேண்டியது கருவியைத் தேர்ந்தெடுப்பவரின் பொறுப்பு.

இந்த இடத்தில் சின்ன மெல்லிய ஜோடி நன்றாகவே வேலை செய்யும். காரணம் எளிமையானது: குறைந்த விசையிலேயே அது முழுதாகப் பேசிவிடும். கனத்த 14 இன்ச்சை மெதுவாகத் தட்டினால் பாதி ஒலிதான் விழிக்கும். டிக் டிக் என்று உயிரில்லாமல் நிற்கும். அந்த வெறுமையை நிரப்பத்தான் டிரம்மர் தன்னையறியாமல் பலமாக அடிக்கத் தொடங்குகிறார். மெல்லிய 12 அல்லது 13 இன்ச்சில் மென்மையாக அடித்தாலும் ஓர் இசைத்தன்மையுள்ள ஒலி கிடைக்கும். பலமாக அடிக்கும் ஆசை எழாது. கருவி கையைத் திருத்துகிறது.

குச்சியையும் மாற்றுங்கள். 5பி-யிலிருந்து மெல்லிய 7ஏ-வுக்கு வந்தாலே வித்தியாசம் தெரியும். மெல்லிய கம்புகளைக் கட்டாகக் கட்டிய ராட்ஸ், கம்பி பிரஷ் இரண்டும் இன்னும் தணிக்கும். ஆனால் பிரஷ்ஷுக்கு மிகச் சின்னத் தட்டு உகந்ததல்ல. தடவ இடம் வேண்டும். பிரஷ்ஷை முதன்மையாக வாசிப்பவர் 13-க்குக் கீழே இறங்காமல் இருப்பது நல்லது.

அதற்கும் கீழே இறங்க வேண்டுமானால் துளையிட்ட சிம்பல்கள் இருக்கின்றன. உடம்பெங்கும் சிறு துளைகள் கொண்ட ஜில்ஜியனின் எல்80 வரிசை, சாதாரண சிம்பலைவிட 80 சதவீதம் வரை சத்தம் குறைவு என்று சொல்லி விற்கப்படுகிறது. அடுக்குமாடிப் பயிற்சிக்கு இதைவிட நல்ல வழி குறைவு. அமைதியான மேடையிலும் உதவும். ஆனால் ஒலி மெலிந்தது. குச்சி படும் கணத்தின் தெளிவு தேய்ந்தது. பதிவுக்கு இதை நம்ப வேண்டாம்.

ஜோடிப் பொருத்தம்

நட்டுவாங்கத் தாளத்தில் ஒன்று இரும்பு, மற்றது வெண்கலம் அல்லது பித்தளை. இரண்டும் ஒன்றுபோல இல்லாததால்தான் அந்தச் சொல்லுக்குக் கூர்மை. ஹை-ஹேட்டிலும் அதே ஞானம் இருக்கிறது. பெரும்பாலான ஜோடிகளில் மேல் தட்டு மெல்லியது, கீழ்த் தட்டு கனத்தது. மேலே இருப்பது குச்சிக்கு மென்மையாகப் பதில் சொல்ல, கீழே இருப்பது கால் மூடும்போது 'சிக்' என்ற உறுதியைத் தருகிறது. ஒரு பெயர்பெற்ற கே/இசட் ஜோடியில் மேலே இருண்ட ஒலியுள்ள கே, கீழே பளிச்சிடும் இசட் என்று இரு வேறு வரிசைகளையே கலந்தார்கள்.

சிறு அளவில் இந்தப் பொருத்தம் இன்னும் முக்கியம். இரண்டுமே மெல்லியதாக இருந்தால் மென்மை கிடைக்கும். கால் மூடும் ஒலி நொய்ந்துபோகும். ஜாஸில் இரண்டாம் நான்காம் அடிகளைக் காலால் நிறுத்துகிறவருக்கு இது பெரிய குறை. இரண்டுமே கனத்தால் 'சிக்' உறுதியாக வரும். குச்சிக்கு ஊசி போலக் கத்தும். ஸ்டுடியோவுக்கும் சிறு மேடைக்கும் பொதுவாக ஒன்று வேண்டுமென்றால், மெல்லிய மேல் தட்டு, நடுத்தர கனத்தில் கீழ்த் தட்டு என்பதே என் பரிந்துரை.

இன்னொரு தொல்லை காற்றுப்பூட்டு. இரண்டு விளிம்புகளும் சீராகப் பொருந்தினால் நடுவே காற்று சிக்கிக்கொள்ளும். 'சிக்' வர வேண்டிய இடத்தில் 'தொப்' என்று வரும். இதற்காகவே 1960-களில் பைஸ்ட் நிறுவனம் அலையலையான விளிம்புள்ள கீழ்த் தட்டைக் கொண்டுவந்தது. ஜில்ஜியனின் க்விக் பீட் ஜோடியில் கீழ்த் தட்டில் துளை போட்டார்கள். உங்களிடம் இருப்பது சாதாரண ஜோடியா? ஸ்டாண்டில் கீழ்த் தட்டைத் தாங்கும் இடத்தில் ஒரு சாய்வுத் திருகு இருக்கும். அதைச் சிறிது திருகி, கீழ்த் தட்டு ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து நிற்கும்படி வையுங்கள். காசு செலவில்லாத தீர்வு.

உலோகம் பற்றி இரண்டு வரி. 80 சதவீதம் செம்பு, 20 சதவீதம் வெள்ளீயம் கலந்த வெண்கலத்தை பி20 என்பார்கள். ஒலியில் அடுக்குகள் அதிகம், மென்மையாக அடித்தாலும் நிறம் தெரியும். 92-க்கு 8 கலவை பி8. நேரான, பளிச்சென்ற ஒலி, பெரும்பாலும் விலை குறைவு. தொடக்கநிலை டிரம்ஸ் செட்டோடு வரும் பித்தளைத் தட்டுகளை ஒலிப்பதிவுக்குக் கொண்டுபோக வேண்டாம். புதிய பித்தளை ஜோடியைவிட, விரிசல் இல்லாத பழைய பி20 ஜோடி எவ்வளவோ மேல்.

---

பெட்டிச் செய்தி: கடையில் செய்ய வேண்டியவை

• உங்கள் குச்சியை எடுத்துப் போங்கள். மேடையில் அடிக்கும் அதே மென்மையில் அடியுங்கள். கடை உற்சாகத்தில் பலமாக அடித்தால் எல்லாத் தட்டும் பிரமாதமாகத்தான் கேட்கும்.

• நண்பரை அடிக்கச் சொல்லி, மூன்று நான்கு மீட்டர் தள்ளி நின்று கேளுங்கள். போனில் பதிவுசெய்து வீட்டில் ஹெட்ஃபோனில் மறுபடி கேளுங்கள். மைக் கேட்பதும் நீங்கள் கேட்பதும் வேறு.

• யாரையாவது பக்கத்தில் பாடச் சொல்லுங்கள். சொல் தெளிவாக விழுகிறதா?

• முழுக்க மூடி, பாதி திறந்து, காலால் மட்டும் என மூன்று வகையிலும் கேளுங்கள். மூடிய ஒலியை மட்டும் கேட்டு வாங்கியவர்களே அதிகம் வருந்துகிறார்கள்.

• தராசு இருந்தால் நிறுத்துப் பாருங்கள். ஒரே பெயர், ஒரே அளவு ஜோடிகளிலும் எடை மாறும்.

• பழைய தட்டு என்றால் விளிம்பை விரல் நகத்தால் தடவுங்கள், விரிசல் தட்டுப்படும். நடுத்துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

---

எதை இழக்கிறோம்?

சின்னத் தட்டு எல்லாவற்றுக்கும் மருந்து அல்ல. முதல் இழப்பு, இரைச்சலின் அகலம். ராக் பாட்டின் கோரஸில் ஹை-ஹேட்டைப் பாதி திறந்து வாசிக்கும்போது கிதார்களையெல்லாம் சேர்த்துப் பிடிக்கும் ஒரு திரை விரியும். 12 இன்ச்சால் அந்தத் திரையை விரிக்க முடியாது. 10 இன்ச் அதற்கு முயற்சிகூடச் செய்யாது.

இரண்டாவது, ஏற்ற இறக்கம். 14 இன்ச்சில் மெல்லிய தொடுகையிலிருந்து முழு முழக்கம் வரை பல படிகள் உண்டு. சிறு தட்டு விரைவில் தன் உச்சத்தைத் தொட்டுவிடும். அதற்கு மேல் அடித்தால் சத்தம் கூடாது, கடுமைதான் கூடும். மூன்றாவது, கைப்பழக்கம். இலக்கு சிறுத்துவிட்டது, விளிம்பு வழக்கமான இடத்தில் இல்லை. ஒரு வாரமாவது பழகாமல் பதிவுக்குப் போகக் கூடாது.

நேர் எதிரான ஒரு வாதமும் இருக்கிறது, அதைத் தள்ளிவிட முடியாது. சமீப ஆண்டுகளில் பல ஸ்டுடியோ டிரம்மர்கள் 15, 16 இன்ச் மெல்லிய ஹை-ஹேட்டுக்குப் போயிருக்கிறார்கள். சுருதி தாழ்ந்து, இருண்டு, குரலின் சீறலுக்குக் கீழே போய் அது உட்காருகிறது என்பது அவர்கள் கணக்கு. மெதுவான பாட்டு, இடைவெளி நிறைந்த தாளம், மென்மையான கை என்றால் அந்தக் கணக்கு சரி. வேகமான பின்னல், நெருக்கமான மைக், நெரிசலான அறை என்றால் சின்னது ஜெயிக்கும். இரண்டு தரப்பும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன: தட்டு மெல்லியதாக இருக்க வேண்டும்.

காது திரும்ப வராது

இந்தப் பேச்சிலேயே அதிகம் கவலைப்பட வேண்டியது இதுதான். ஹை-ஹேட் டிரம்மரின் இடது காதுக்கு ஒரு கை நீளத்துக்குள் இருக்கிறது. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்லும் அளவு: 85 டெசிபலில் நாளொன்றுக்கு 8 மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94 டெசிபலில் ஒரு மணி நேரம். 100 டெசிபலில் 15 நிமிடம். ஒரு சாதாரண ஒத்திகை இதைத் தாண்டிவிடும்.

உட்செவியின் நுண்ணிய உணர்செல்கள் அழிந்தால் மனிதனுக்கு மறுபடி முளைப்பதில்லை. முதலில் போவது உயர் அதிர்வெண்கள். அதாவது, ஹை-ஹேட் எங்கே ஒலிக்கிறதோ அங்கேதான் முதல் அடி விழுகிறது. போனபின் டிரம்மருக்குத் தன் ஹை-ஹேட் மங்கலாகக் கேட்கும். மங்கலாகக் கேட்பதால் இன்னும் பலமாக அடிப்பார். இந்தச் சுழலில் இளம் பிள்ளைகள் இருபது வயதிலேயே சிக்கக் கூடாது. மெல்லிய சிறு ஜோடி சுமையைக் குறைக்கும். காதடைப்பானுக்கு அது மாற்று அல்ல. டிரம்ஸ் வகுப்பில் சேர்க்கும் பெற்றோர் குச்சி வாங்கும் அன்றே காதடைப்பானும் வாங்கிக் கொடுங்கள். சொல்லிக்கொடுப்பவர்கள் முதல் பாடத்திலேயே அதை மாட்டச் சொல்லுங்கள்.

யாருக்கு எது?

ஒரே ஜோடியால் வீடு, ஸ்டுடியோ, மேடை மூன்றையும் சமாளிக்க வேண்டியவர் மெல்லிய மேல் தட்டுள்ள 13 இன்ச் வாங்கலாம். பழைய கைப்பழக்கம் கெடாது, அடக்கமும் கிடைக்கும். ஏற்கெனவே நல்ல 14 இன்ச் வைத்திருந்து, வீட்டுப் பதிவுக்கும் அகூஸ்டிக் கச்சேரிக்கும் இன்னொன்று தேடுபவருக்கு 12 இன்ச். மின்னணு இசையின் குட்டை ஒலி வேண்டுபவர் 10 இன்ச்சை இரண்டாவது ஹை-ஹேட்டாகப் பக்கத்தில் மாட்டிக்கொள்ளட்டும். அதை ஒரே ஹை-ஹேட்டாக நம்ப வேண்டாம். கனத்த ராக்கும் திறந்த மேடையும்தான் வாழ்க்கை என்றால் 14 இன்ச்சிலேயே இருங்கள்.

கையில் காசு இல்லையென்றால் எதுவும் வாங்காமலும் தொடங்கலாம். மெல்லிய குச்சி, நுனி அடி, சற்று உயர்ந்த ஸ்டாண்ட், கீழ்த் தட்டின் சாய்வு இந்த நான்கையும் இன்றைக்கே மாற்றிப் பாருங்கள். குழுவோடு ஒரு முழுப் பாட்டைப் பதிவுசெய்து, டிரம்மர் மட்டும் கேட்காமல் எல்லோரும் உட்கார்ந்து கேளுங்கள். பாடியவருக்குத் தன் சொல் கேட்கிறதா, வீணைக்காரருக்குத் தன் கமகம் கேட்கிறதா என்று அவர்களையே கேளுங்கள். இன்னும் கேட்கவில்லை என்று அவர்கள் சொன்னால், அதற்குப் பிறகு கடைக்குப் போங்கள். எத்தனை இன்ச் வேண்டும் என்பதை முடிவுசெய்யும் உரிமை பக்கத்தில் வாசிக்கும் அவர்களுக்கும் உண்டு.